அப்பாவுக்குப் படித்துக் காட்டிய கதைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கதை கேட்பதற்குப் பேர்போன மனிதர் என் அப்பா. அவருக்குக் காது கேட்காது.

இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் குவாரியில் அவர் பாறையில் துளை போடும் வேலை பார்த்தார். கம்ப்ரசர் காற்றில் ஓடும் அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றால் காது என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆன பிறகு அவரும் யாருக்கும் சொல்லவில்லை. வெடி வைப்பதற்கு முன்னால் மேஸ்திரி விசில் ஊதுவார்; எல்லோரும் ஓடிப்போய்ப் பாறை மறைவில் பதுங்க வேண்டும். விசில் கேட்காதவனைக் குவாரிக்குள் விடமாட்டார்கள். வேலை போனால், குவாரிக்காரர்கள் கொடுத்திருந்த தகரக் கூரை வீடும் போய்விடும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டுமே விஷயம் தெரியும். அம்மாவின் தம்பியான அந்த மாமா, அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார். விசில் ஊதியதும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பார். அந்த ஒரு இழுப்பை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடமாட்டோம். "களச்சி வர்ற மனுசன். முன்னால போயி நின்னு, மொகத்தப் பாத்துப் பேசு" என்று அம்மா பழக்கியிருந்தாள். அதை மரியாதை என்று நினைத்தேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வாசலில் நின்றபடி அப்பனைக் கத்திக் கூப்பிடுவதைப் பார்த்து, இவர்களுக்கு வளர்ப்பு சரியில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த வாரமே புத்தக பீரோவைத் திறக்கச் சொல்லி ஹெட்மாஸ்டரோடு மல்லுக்கு நின்றார். அந்த பீரோவில் கதைப் புத்தகங்கள் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகள் தொட்டால் கிழிந்துவிடும் என்று பூட்டி வைத்து, கரையானுக்குக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் தப்பியதையெல்லாம் எடுத்துத் தூசி தட்டி எங்கள் கையில் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். "வீட்ல யாருக்காவது சத்தமா வாசிச்சுக் காட்டணும். அவுக எந்த இடத்துல சிரிச்சாக, எந்த இடத்துல முகம் மாறுச்சுன்னு நாளைக்கு வந்து எனக்குச் சொல்லணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் எல்லைப்புற ஊர் அவருக்குத் தெரியாது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். தமிழ் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். தமிழ்க் கதையை வாசித்தால் உட்கார்ந்து கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அடுத்த வீட்டுப் பையன் ஒருவன் தன் அம்மாவுக்கு அரைப்பக்கம் வாசித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் என்ன உளறல் என்று அடி வாங்கி வந்தான்.

என் அப்பா அப்படியில்லை. வேலை விட்டு வந்து, உடம்பில் படிந்த கல்தூளைக் கழுவிவிட்டு, என் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். பீடியைக்கூட அணைத்துவிடுவார். நான் வாசித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கமாட்டார். நான் சிரித்தால் சிரிப்பார். நான் குரலைத் தாழ்த்திப் பயந்த முகம் காட்டினால் அவர் முகமும் சுருங்கும். முடிந்ததும், குவாரி ஆட்களுக்கே உரிய உரத்த குரலில், "நல்லாருக்குது கண்ணு. நாளைக்கும் படி" என்பார்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டதில் வந்தது வினை. தமிழ் தெரிந்த, பொறுமையான ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று அடுத்த வீட்டுப் பையன் முதலில் வந்தான். அப்புறம் அவன் தங்கை. பிறகு வகுப்பே வந்தது. சாயந்திரமானால் எங்கள் வாசலில் புத்தகமும் கையுமாகப் பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருந்தார்கள். அப்பா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. அவர் முகம் நன்றாக மாற வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொருவரும் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கப் பழகினார்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறியவர்கள் எல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சரளமானார்கள். ஒருமுறை டீச்சரே வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கிப் போனார்.

அடுத்த வீட்டுப் பையன் ஒருநாள் குறும்பு செய்தான். கதைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழாம் வாய்ப்பாட்டைக் கதை போல நீட்டி முழக்கி ஒப்பித்தான். அப்பா கண்ணிமைக்காமல் கேட்டு, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தபோது தானும் சிரித்து, "நல்லாருக்குது கண்ணு" என்றார். உங்கப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றான் அவன். அவர் உன்னை வைத்து விளையாடுகிறார்டா மடையா என்று நான் சண்டைக்குப் போனேன். உள்ளேயிருந்த அம்மா எங்களை அதட்டி அனுப்பிவிட்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாமா தன் காளை ஒன்றை விற்பதற்குக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா அப்பாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். காரணமில்லாமல் நின்றால் மேஸ்திரி கேள்வி கேட்பார் என்று அவர் கிளம்பிவிட்டார். மதியம் விசில் ஊதியபோது, கழற்றிப் போட்டிருந்த இரும்பு ராடுகளை அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாராம். அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முகத்தைத் துணி போட்டு மூடித்தான் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. அம்மா அழவில்லை. அடக்கம் முடிந்து மூன்று நாளாகியும் அழவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோதும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசலுக்கு வெளியிலேயே கிடந்தார், வீட்டுக்குள் வரவில்லை.

நான்காம் நாள் குவாரி ஆபீசிலிருந்து ஒருவர் மேஸ்திரியோடு வந்தார். டீச்சரும் துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்.

"விசில் எல்லாருக்கும் கேட்டிருக்குது. இவருக்கு மட்டும் ஏன் கேக்கல? காது மந்தம்னு ஒருத்தர் சொல்றாரு. அத மறைச்சி வேலைக்கு வந்திருந்தா தப்பு அவருமேல. அப்புறம் ஆபீசுல ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டையும் காலி பண்ணணும். உள்ளதச் சொல்லும்மா" என்றார் ஆபீஸ்காரர்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியிலிருந்த மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் அப்பாவைப் போய்ச் செவிடு என்கிறார்களே என்று எழுந்து நின்றேன்.

"எங்கப்பாவுக்கு நல்லாக் கேக்கும். தெனமும் நான் படிக்கிற கதையெல்லாம் கேப்பாரு. வேணும்னா டீச்சரக் கேளுங்க."

"ஆமா சார்" என்றார் டீச்சர். "என் பிள்ளைக எல்லாம் அவர்கிட்டதான் வாசிச்சுக் காட்டும். அவரு மாதிரிக் கவனமாக் கேக்குற ஒருத்தர நான் பாத்ததில்ல."

வாசலில் நின்ற அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, "நானும் படிச்சேன் சார். சிரிக்கிற எடத்துல கரெக்டா சிரிச்சாரு" என்றான்.

டீச்சர் சொல்லும்போது அந்த மனிதர் என்ன செய்வார். தலையாட்டிவிட்டுப் போனார். வீடு எங்களுக்கு நிலைத்தது. குவாரியில் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடைத்தது. அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும், அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான்கு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரிய மனிதர்களுக்கு முன்னால் நான் திக்காமல் பேசிய பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயந்திரம் வாசலுக்கு யாரும் வரவில்லை. பாதியில் நின்ற கதை ஒன்று இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அப்பா கேட்ட மாதிரி இனிமேல் நீ கேளு என்று சொல்லிவிட்டுச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குக் கதை பிடிக்காது போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.