சூடு பார்க்கும் கை

எஞ்சின் விற்கும் கியூபெக் விவசாயி 'பொன்ஜூர்' சொல்லி முடிக்குமுன் அம்புறோஸின் வலது உள்ளங்கை அதன் தண்ணீர்த்தொட்டியில் பதிந்துவிடும். நூறு வயதுப் பெற்றோல் எஞ்சின். தொட்டி சுட்டால், வாங்க வருகிறவருக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "குளிரிலை எழும்பாத கழுதை. அதுதான் முதலே ஒருக்கா எழுப்பி வைச்சிருக்கிறாங்கள்," என்று சொல்லிக்கொண்டே காருக்குத் திரும்பிவிடுவார்.

புதுப் பெயின்றையும் அவர் நம்புவதில்லை. "வெடிப்பை மறைக்கப் பூசின பவுடர்." தொட்டி குளிர்ந்திருந்தாலும் கை ஓயாது, புகைக்குழாய்க்கு இறங்கும். "தண்ணியை மாத்தி ஊத்தலாம். இரும்பின்ரை சூட்டை எங்கை ஒளிக்கிறது?" மனைவி அக்னெஸுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவளையும் இழுத்துக்கொண்டு அவர் ஏறி இறங்கிய பண்ணைகள் கொஞ்சமல்ல.

அப்படித் தேடி வாங்கிய ஒன்று லாசாலில் அவர்கள் வீட்டுக் கராஜில் நிற்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாரச் சக்கரங்கள். பலங்கொண்டு கையால் சுழற்றினால் 'டொக்' என்று ஒருமுறை வெடிக்கும். பிறகு அந்த உந்தலிலேயே சக்கரங்கள் சும்மா சுற்றும். வேகம் தளர்ந்தால்தான் அடுத்த வெடி. நின்றே போய்விட்டதோ என்று கேட்பவர் நெஞ்சு பதறும்.

மாசியில் அவருடைய நெஞ்சே அக்னெஸைப் பதறவைத்தது. இருதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, எஞ்சின் சக்கரத்தை இழுத்தால் தைத்த நெஞ்செலும்பு பிளந்துவிடும் என்றார் டொக்டர். "இவன் நாலு அடியை விட்டிட்டுத்தான் ஒண்டு அடிக்கிறான். இவனை ஒரு டொக்டரும் கேக்கிறேல்லை," என்று எஞ்சினைக் காட்டி முனகினார் அம்புறோஸ். ஆனாலும் இனிச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை என்று செபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

போன கிழமை, சென்ட் லோரன்ட்டில் வேலை முடிந்து அக்னெஸ் வந்தபோது கராஜ் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கதிரையில் அம்புறோஸ், ஏற்கெனவே பளபளத்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கை என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன்."

"பெற்றோல் மணக்குது."

"அது எப்பவும் மணக்கிறதுதானே. நீர் எப்ப பொலிஸிலை சேர்ந்தனீர்?"

அக்னெஸ் தொட்டியில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. கீழே சீமெந்தில் புது ஈரம்.

"பாத்தீரே," என்றார்.

அவள் கை தொட்டியை விட்டு மெல்ல இறங்கியது, புகைக்குழாயை நோக்கி.

ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்த அம்புறோஸ், விரல் குழாயில் படுமுன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.