நடுவில் கிடந்த நாற்பத்திரண்டு அடி

பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளைத் தெருவே 'ஹெக்டேர் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டான், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

கடையில் இரண்டு மெஷின். ஒன்று ஓடும், இன்னொன்றின்மேல் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருக்கும். ஆனால் கூட்டம் வந்தது ஜெராக்ஸுக்காக இல்லை. பழைய பத்திரத்தில் குழி, மா என்று கிடக்கும் நிலத்தைச் சதுர அடியாகவோ சதுர மீட்டராகவோ ஹெக்டேராகவோ அவள் மாற்றித் தருவாள். வந்தவரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பெருசா தெரியணுமா, சின்னதா தெரியணுமா?"

நிலம் என்னவோ ஒன்றுதான். வரி கட்டுகிறவனுக்கு ஹெக்டேரில் போட்டுக் கொடுப்பாள். புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம், பின்னால் இன்னொன்று. பார்க்கிற அதிகாரிக்கே பாவமாக இருக்கும். சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டியவனுக்குச் சதுர அடி. ஒரே ஒரு ஆள்தான், "எங்கப்பா சொத்து ஜீரோவா?" என்று சண்டைக்கு வந்தான். அவனுக்கும் சதுர அடியில் சொன்னாள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான்.

மாமனார் போனபிறகு குடும்ப மனையைப் பங்கு வைத்ததும் அவள்தான். வேறு யார் வாயைத் திறப்பார்கள்? மனை பதினெட்டுக் குழி. பன்னிரண்டடிக் கோலால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் அது ஒரு குழி, அதாவது நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி. பெருக்கினாள், பாதியாக்கினாள், மனையின் ஆழம் நாற்பத்தெட்டு அடியால் வகுத்தாள். தெருவை ஒட்டி இந்தக் கோடியில் இருபத்தேழு அடி தனக்கு, அந்தக் கோடியில் இருபத்தேழு அடி கொழுந்தனுக்கு. அளந்து முடித்தால் நடுவில் நாற்பத்திரண்டு அடி மிஞ்சிக் கிடந்தது.

வேறொருத்தியாக இருந்தால் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பாள். இவள் நிலத்தைச் சந்தேகப்பட்டாள்.

"இது நம்மளது இல்ல. புறம்போக்கு."

"மாமா இங்கதானேக்கா மாடு கட்டுவாரு?" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி.

"மாட்டுக்கு என்ன தெரியும், அது பட்டா நிலமா புறம்போக்கான்னு?"

ஓரகத்தி மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருந்ததை மறக்கவும் இல்லை. இரண்டு வீடும் இரண்டு கோடியில் எழும்பின. நடுவில் உடைந்த வாஷிங் மெஷின் ஒன்று வந்து குடியேறியது. மாமனார் விட்டுப்போன நீண்ட மூங்கில் கழியை இரண்டு கம்பத்தில் குறுக்கே கட்டி, இரு வீட்டுத் துணியும் அதில்தான் காய்ந்தது.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் வார்டு மெம்பர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"அக்கா, நல்ல சேதி! நம்ம தெருவுக்குப் பொதுக் கழிப்பறை வருது. இடம் தேடி அலைஞ்சோம். நீங்கதான் இது புறம்போக்குன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கீங்களே! எட்டு ரூம். ஞாயித்துக்கிழமை சுண்ணாம்புக் கோடு போட்டுடலாம்."

அவர் கை நீட்டிய இடத்தை ஒட்டித்தான் இருந்தது அவளுடைய சமையலறை ஜன்னல்.

"நல்லதுக்கா," என்றாள் ஓரகத்தி, அவர் போனதும். "இனிமே நீங்க தாளிக்கிறப்ப ஊரே பக்கத்துல உக்காந்திருக்கும்."

மறுநாள் கடைக்கு வெல்டர் வந்தார். அதே தெருக்காரர். அவள் எழுதித் தந்த காகிதத்தை மெஷின்மேல் போட்டார்.

"ஏம்மா, எங்க ஏழு குழி ஆயிரத்தெட்டுச் சதுர அடின்னு போட்டிருக்க. வீடே ஆயிரத்தைநூறு அடி கட்டியிருக்கேன். மிச்ச வீடு என்ன அந்தரத்துல தொங்குதா?"

"பன்னெண்டடிக் கோலுக்கு அதுதான் கணக்கு."

"நம்ம தெருவுல ஏதும்மா பன்னெண்டு? இங்க எல்லாம் பதினாறடிக் கோலு. உங்க மாமனார் கழியை வாங்கித்தானே தெருவே அளந்துச்சு!"

அவள் கடையைப் பூட்டினாள். வீட்டுக்குப் போய்க் கழியில் கிடந்த துணியை எல்லாம் உருவித் தோளில் போட்டுக்கொண்டு டேப்பைப் பிடித்தாள். பதினாறு அடி. மறுமுனையிலிருந்து பிடித்துப் பார்த்தாள். அவளுக்காகக் கழி ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை. இத்தனை வருஷமாக விடையின்மேல்தான் ஈரத்துணி காயப் போட்டிருக்கிறாள்.

வாயைத் திறந்தால் பேர் போய்விடும். அவளிடம் கணக்கு வாங்கினவன் எல்லாம் கடை வாசலில் வந்து நிற்பான். திறக்காவிட்டால் எட்டு ரூம்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிவிட்டது. முதலில் குறுக்கு வழியில் போய்ப் பார்த்தாள்.

"மெம்பர் சார், இங்க மழை பெஞ்சா தண்ணி நிக்கும்."

"நல்லதாப் போச்சு, கழுவ ஆகும்," என்றார் மெம்பர். சுண்ணாம்பு வாளி நகர்ந்தது.

"நிறுத்துங்க!" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "இது புறம்போக்கு இல்ல. எங்க மனைதான். சர்வேயரைக் கூட்டிட்டு வந்து அளங்க. கோல் அந்தா தொங்குது. பதினாறடி. நான்தான் பன்னெண்டுன்னு போட்டுட்டேன்."

 ஓரகத்தி இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தாள்.

"எவ்வளவுக்கா தப்பு?"

"ஏதோ கொஞ்சம்."

"கொஞ்சம்னா? பெருசா தெரியணுமா, சின்னதா தெரியணுமா?"

வெல்டர் சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறியது.

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு எட்டு ஏழு ஹெக்டேர்."

"சதுர அடில சொல்லுங்க."

அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "ரெண்டாயிரத்துப் பதினாறு."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

"ரெண்டாயிரத்துப் பதினாறு!" என்று கத்தினாள். பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சர்வேயர் வந்து சொல்லட்டும், அதுவரை வேலை நிற்கட்டும் என்று மெம்பர் வாளியைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூட்டமும் மனசில்லாமல் கலைந்தது. ஓரகத்தி உள்ளே போய் ஒரு கயிறு கொண்டுவந்து, ஒரு நுனியை அவள் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நாப்பத்திரெண்டுல பாதி இருபத்தொண்ணு. இதை நானே பிரிச்சுக்கிறேன், நீங்க கயித்தை மட்டும் பிடிங்க."

ஹெக்டேர் அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.