பதினேழு முறை இடம் தவறியவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோவை சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளியை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் வேறு யாரும் கூப்பிடவில்லை. அலையாய் அலைந்து கிடைத்தது இந்த வேலை. அமெரிக்க ஃபுட்பால் பந்தயங்களின் வீடியோவைப் பார்த்து, யார் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டு வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் போய் வா என்பார்கள். வீட்டுக்காரரின் லேத் பட்டறையும் அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அதனால் இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஓர் அணி பந்தோடு முன்னேறப் பார்க்கும், இன்னோர் அணி மறித்து அமுக்கும். கபடி பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மறிக்கிற கூட்டம் சீக்கிரமே புரிந்துவிட்டது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு படம் கொடுத்திருந்தார்கள். பந்து கிளம்பும் முன் வீடியோவை நிறுத்தி, அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, விலகி நிற்பவருக்கு 'இடம் தவறினார்' என்று குறிக்க வேண்டும். தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அப்படி ஒரு பந்தயத்தில் மறிக்கும் அணியின் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் வந்து மாட்டினார். ஆபீஸில் இருந்த இளவட்டங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். எனக்கோ அவரைப் பார்த்தாலே எரிச்சல். ஆள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். பந்து கிளம்பும் முன்பே இரண்டடி இந்தப் பக்கம், மூன்றடி அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார். வகுப்பில் சேட்டை செய்கிற கெட்டிக்காரப் பையன் ஞாபகம்தான் வந்தது. பெரிய ஆளாக இருந்தால் எனக்கென்ன என்று பதினேழு இடத்தில் 'இடம் தவறினார்' போட்டு அனுப்பிவிட்டேன். அன்று எனக்குள் இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அனுப்பிய நான்காம் நாள் காலையில் எங்கள் டீம் லீடர் வந்து நின்றார். ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி, முகம் வெளுத்திருந்தது.

“ஏனுங்க அக்கா, அந்த மேட்ச்சைப் பார்த்தது நீங்கதானுங்களே? அந்தப் பெரிய ஆட்டக்காரரோட டீம்ல இருந்தே மெயில் வந்திருக்குதுங்க. குறிச்சவங்ககிட்டயே பேசணுமாம். சாயங்காலம் ஆறரைக்கு வீடியோ கால்.”

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “போனாப் போகுது, உடு அம்மணி. முதல்ல சோத்தைத் தின்னு,” என்றார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

என் பக்க நியாயத்தைத் தேடுவதற்காக அந்தப் பதினேழையும் மறுபடி ஓட்டினேன். முதல் தடவை அவரை மட்டும்தான் பார்த்திருந்தேன். இந்தத் தடவை அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தேன். எதிரில் குனிந்திருக்கும் ஆளின் கையைப் பார்க்கிறார்! அந்த ஆள் முன்னால் பாயப் போகிறான் என்றால் தரையில் ஊன்றிய விரலில் பாரம் முழுக்க இறங்கியிருக்கிறது. பின்வாங்கப் போகிறான் என்றால் விரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் இவர் கணித்து, பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கிறார். பதினேழில் பதினைந்து சரி. இரண்டில்தான் ஏமாந்திருந்தார். இவரையா நான் சேட்டைக்காரன் என்று நினைத்தேன்?

லீடரிடம் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, “அக்கா, கால் வர்றதுக்குள்ள அந்தப் பதினைஞ்சையும் மாத்திப்போடுங்க. கேட்டா, முதல்ல போனது கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிக்கலாமுங்க.” என்றார்.

கை மௌஸ் வரை போனது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திருத்திக் கொடுத்த தாளில் மார்க்கை மாற்றிப் பழக்கமில்லை. “வேண்டாந் தம்பி. தப்புனு நானே சொல்லிப்போடறேன். அப்புறம் அவங்க விருப்பம்,” என்றேன்.

ஆறரைக்குத் திரையில் வந்தது அந்த அணியில் வீடியோக்களைக் கவனிக்கும் ஒரு பெண். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில், பதினைந்து இடத்தில் அவர் சரி, நான்தான் தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். உங்களைக் கூப்பிடச் சொன்னதே அந்த ஆட்டக்காரர்தான் என்றார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் வாரம் முழுக்க எதிரணியின் வீடியோவைப் போட்டு, ஒவ்வொருவரின் கையையும் காலையும் நோட்டில் குறித்துக்கொள்வாராம். தன்னைப் பற்றி மற்றவர்கள் குறிப்பதையும் ஒன்று விடாமல் படிப்பாராம். என் பட்டியலைப் பார்த்து, “எங்கோ இருக்கிற ஒருவருக்கு நான் முன்கூட்டி நகர்வது தெரிகிறது என்றால் எதிரணிக்கும் தெரியும், என்னை ஏமாற்றிவிடுவார்களே” என்றாராம். ஏமாந்த அந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். இனி அவர் எவ்வளவு முன்னால் நகர்கிறார் என்பதையும் சேர்த்துக் குறித்து அனுப்ப முடியுமா என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கால்.

திரை அணைந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. லீடர் என்னைத் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு அழைத்துப்போய்ச் சூடாகக் காளான் மசாலா வாங்கிக் கொடுத்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒன்பது நாள் கழித்து வேலையும் நிரந்தரமானது.

பதினோரு வருடம் எத்தனையோ பிள்ளைகளின் தப்பைச் சுழித்திருக்கிறேன். எனக்கு என்ன வரவில்லை என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. ஊரே கொண்டாடும் மனிதர் தன் தப்பைத் தேடிக் கடல் கடந்து என்னிடம் ஆள் விட்டுக் கேட்டார். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை லீடரிடம் போய், “என்ன தப்புப் பண்றேன், சொல்லுங்க தம்பி,” என்று நானும் கேட்கிறேன்; ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்காமல் இருந்த வருடங்களை நினைத்தால்தான் அதைவிடப் பயமாக இருக்கிறது.