கத்பர்ட் ரெய்ன் எடுக்காமல் விட்ட சட்டை

இறந்துவிட்டான் என்று நம்பி ஒருவனின் சாமான்களையெல்லாம் பங்கிட்டுக்கொண்ட பிறகு அவன் வந்து நின்றால், வந்து நிற்பது யார்? கத்பர்ட் ரெய்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. அவனைப் பெரிய மாலுமி என்று சொல்ல மாட்டேன். முடிச்சுப் போடுவதில் சுமார், பாட்டு வராது. பாயைச் சுருக்க மேலே ஏறினால் மட்டும் அவசரப்படாமல் வேலை செய்வான்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான விட்பியிலிருந்து புறப்பட்ட ‘லாப்விங்’ கப்பலில் நான் பாய் தைப்பவன். பிஸ்கே வளைகுடாவில் ஒரு மழைக் காற்றில் பாயைச் சுருக்க ஏறியவர்கள், ஓர் ஆள் குறைந்து இறங்கினார்கள்; கத்பர்ட் இல்லை. படகை இறக்கித் தேடினோம். அலைதான் இருந்தது.

இறந்தவனின் பெட்டியைப் பெரிய பாய்மரத்தடியில் திறந்து ஏலம் விடுவது எங்கள் வழக்கம். பணம் வீட்டுக்குப் போகும் என்பதால் ஓட்டைப் பூட்ஸுக்குக்கூடப் போட்டி இருக்கும். பூட்ஸ் மாலுமி சைலஸ் கார்த்துக்குப் போனது. கத்பர்ட்டின் மனைவி டார்க்கஸ் பின்னிய நீலக் கம்பளிச் சட்டை எனக்கு வந்தது. மார்பில் ஏணி போல ஒரு பின்னல். போட்டுக்கொண்டேன், குளிருக்கு இதமாக இருந்தது.

ஒப்போர்ட்டோவில் சரக்கு ஏற்றப் போனபோது, துறையில் ஒயின் பீப்பாய் ஒன்றின் மேல் கத்பர்ட் உட்கார்ந்திருந்தான். போர்த்துகீசிய மீனவர்கள் அவனைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். உடம்பில் அவர்கள் கொடுத்த பழுப்பு அங்கி. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

“என்னடா சைலஸ், என் பூட்ஸ் உனக்குப் பத்துதா?”

“கடிக்குதுண்ணே. செத்தும் எங்கள விடமாட்டேங்கிற.”

கேப்டன் அவனை ஏற்றிக்கொண்டார். திரும்பும் வழியில் காற்று நின்றுபோனது. பாய்கள் தொங்கின. கடல் எது, வானம் எது என்று கோடு தெரியவில்லை. கப்பல் எதன் மேலும் இல்லாமல் நடுவில் நின்றது. சமையல் அடுப்பின் புகைகூடக் கலையாமல் தலைக்கு மேலேயே நின்றது. பேச்சுகள் பாதியில் நின்று, நெடுநேரம் கழித்துத் தொடர்ந்தன. அவனை வைத்துக்கொண்டே நாங்கள் அவனைப் பற்றி, இல்லாதவனைப் போலப் பேசினோம்.

“கத்பர்ட் இருந்தப்போ கப்பல் ரொட்டியத் தட்டித் தட்டித்தான் தின்னுவான். புழு விழணும்ல,” என்றான் சைலஸ்.

“அப்புறம்?” என்று கத்பர்ட்டே கேட்டான். “விழுந்த புழுவ என்ன பண்ணுவான்?”

“பக்கத்து ஆளு தட்டுல தள்ளிருவான்.”

“கெட்டிக்காரன்,” என்றான் கத்பர்ட்.

சிரிக்காதவர் சமையல்காரர் ஓபெட் ஒருவர்தான். கத்பர்ட்டுக்குப் பட்டாணிக் கூழை எட்ட நின்றே ஊற்றுவார். காற்றில்லாத நாட்கள் கூடக்கூட அவர் குரலும் கூடியது.

“ஏலம் போன ஆளு கப்பல்ல இருந்தா காத்து எப்படி வரும்? இவன் செத்தவனா இல்லையான்னு தெரியாம அதுவும் நிக்குது.”

“என்ன பெரியவரே பண்ணணும்?” என்றேன்.

“வாங்குனத எல்லாம் அதே பாய்மரத்தடியில கொண்டாந்து போடுங்க. ஒண்ணு விடாம அவனே எடுத்துக்கட்டும். இல்லேன்னா முதல்ல தெரியுற கரையில எறங்கிக்கட்டும்.”

யாரும் மறுக்கவில்லை. அவனைப் பிடிக்காமல் அல்ல. கடலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்ததைத் திரும்ப வைத்திருப்பது எல்லோருக்குமே நெஞ்சில் உறுத்தியது. வேறு கரையில் இறங்கினால் அவன் விட்பியை எப்போது பார்ப்பானோ. அவனுக்கும் அது தெரியும்.

கத்தி, புகைக்குழாய், தொப்பி, மரக்கரண்டி, பூட்ஸ் எல்லாம் குவிந்தன. நான் சட்டையைக் கழற்றி மேலே வைத்தேன். கத்பர்ட் ஒவ்வொன்றாக எடுத்தான். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டான். கடைசியில் சட்டை மட்டும் கிடந்தது. ஏணிப் பின்னலைக் கட்டைவிரலால் ஒரு தடவை வருடி, என்னிடம் நீட்டினான்.

“நீயே போட்டுக்க. செத்தவனோடது ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும்.”

“ஒண்ணு விடாமன்னு சொன்னேன்,” என்றார் ஓபெட்.

கத்பர்ட் சட்டையை என் கையில் திணித்தான். எங்கிருந்து விழுந்தானோ அதே குறுக்குமரத்துக்கு ஏறிப்போய், தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டான். கீழே இறங்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஓபெட் நெடுநேரம் அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். அன்று அவன் இறங்கி வந்ததும், கூழைக் கிட்டப் போய் ஊற்றினார். பிறகு காற்றும் வந்தது. காற்று வரும்போது வரும்.

அவன் பிழைத்த சேதி வேறொரு கப்பல் மூலம் எங்களுக்கு முன்பே விட்பிக்குப் போயிருந்தது. டார்க்கஸ் துறையில் காத்திருந்தாள். கூட்டத்தில் சட்டையைக் கண்டு என்னை நோக்கி ஓடிவந்தவள், முகத்தைப் பார்த்ததும் நின்றாள். எனக்குப் பின்னால், பழுப்பு அங்கியில் அவன் நின்றிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயே சட்டையைக் கழற்றி நீட்டினேன். அவளும் கை நீட்டினாள். கத்பர்ட் இடையில் வந்து அதை வாங்கி, குளிரில் நின்ற என் தோளில் திரும்பப் போட்டான். பிறகு அவளோடு மேட்டுத் தெருவில் ஏறிப் போனான்.