முகம் பார்த்துக் கேட்ட கதை

என் தங்கை போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு படப்புத்தகத்தோடு வந்தார்கள். எனக்கு ஆப்பிள், அவள் குழந்தைக்குப் புத்தகம். இப்போதெல்லாம் துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கென்றே புத்தகம் போடுகிறார்களாம். அப்படி ஒரு வகை உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

தங்கை நவம்பர் மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்துதான் போனாள், திரும்பி வரவில்லை. அவள் மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி. தங்கையின் கணவருக்கு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாடம்பாக்கத்தில் அவர்கள் வீடு பூட்டியே கிடக்க, பள்ளி வேன் குழந்தையைச் சேலையூரில் என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். அவர் வேலை முடிந்து பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது பொய் இல்லை.

குழந்தை பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், அவ்வளவுதான். முன்பு வாயைத் திறந்தால் மூட மாட்டாள். வேனிலிருந்து இறங்கும்போதே அன்றைக்கு யார் யாரை அடித்தார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருகிறவள். இப்போது ஷூவைக் கழற்றி அலமாரியில் நேராக வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஐந்து வயதுப் பிள்ளை ஷூவை நேராக வைப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் புத்தகங்களை நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் அம்மா வண்ணத்துப்பூச்சி ஆகிறாள். ஒன்றில் விதையாகி மரமாகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கை வண்ணத்துப்பூச்சியும் இல்லை, விதையும் இல்லை. எல்கேஜி டீச்சர். கறிக்குழம்பில் தேங்காய் குறைந்தால் சட்டியை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறவள். மெட்ரோ வாட்டர் லாரிக்காரரோடு நடு ரோட்டில் நின்று மல்லுக்கு நின்றவள். அவளைப் பூச்சியாக்கிப் பிள்ளை கையில் கொடுத்தால் ஆறுதல் ஆகிவிடுமா? கொண்டுவந்தவர்கள் நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்கள், அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா, குழந்தையை மடியில் வைத்து ஒரு புத்தகத்தைத் தானே படித்துக் காட்டினார். அதில் அம்மா நட்சத்திரமாகிறாள். தினமும் சாயங்காலம் மகளைப் பார்க்க வானத்துக்கு வருகிறாள். குழந்தை கண் கொட்டாமல் கேட்டாள். எனக்கும், சரி, இதிலாவது பிள்ளைக்கு ஒரு பிடிப்பு கிடைத்தால் போகட்டும் என்று தோன்றியது.

அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரமானால் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். டிசம்பர் மாதம், வானம் மூடியே கிடந்தது. ஒரு நட்சத்திரமும் இல்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் துணிகளை மடிப்பதுபோல் பக்கத்தில் நிற்பேன். வாரக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் மேகம் கொஞ்சம் விலகிய இடத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. தெரிந்ததோடு நிற்காமல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டும் இருந்தது.

"பெரியம்மா, அம்மா இறங்குறாங்க" என்றாள்.

சொல்லிவிட்டுப் படிகளில் ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்து, தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போகிற பிளேன் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் சொல்வது? அவள் அழவில்லை. தானே கேட்டைச் சாத்திவிட்டு மேலே ஏறிப் போனாள். அதற்குப் பிறகு மொட்டைமாடிக்குப் போகவும் இல்லை.

அன்றே எல்லாப் புத்தகங்களையும் பையில் கட்டிப் பரணில் போட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தங்கை உயிரோடு இருந்தவரை பிள்ளைக்குப் புத்தகம் படித்துக் காட்டாத நாள் இல்லை. அதுவும் நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு என்னதான் மிச்சம்? தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் நோட்டும் கைடும் விற்கிற கடையில், யாரும் சீண்டாத ஒரு ஸ்டாண்டிலிருந்து நானே ஒரு மெல்லிய புத்தகம் வாங்கி வந்தேன். அதில் சாவு இல்லை என்பது ஒன்றுதான் நான் பார்த்த தகுதி.

அது ஒரு மழைக்காலக் கதை. ஒரு மாடி வீடு. தெருவில் வெள்ளம். பக்கத்துக்குப் பக்கம், 'தண்ணீர் ஒரு படி ஏறியது' என்று வரும். வீட்டுக்காரர்களும் ஒவ்வொரு படியாக மேலே போவார்கள். இட்லிப் பானை போகும், பள்ளிக்கூடப் பை போகும், தெரு நாய் ஒன்றும் கூடவே போகும். பாதிப் புத்தகத்துக்கு மேல், 'தண்ணீர் ஒரு படி இறங்கியது.' கடைசிப் பக்கத்தில் வெயில் இருக்கிறது, ஆனால் வீடு முழுக்கச் சேறு. மெத்தை காம்பவுண்டுச் சுவரில் தொங்குகிறது. எல்லோரும் துடைப்பத்தோடு நிற்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாவது வரிக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரிக்குச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். பரணிலிருந்து ஒரு யானைக் கதையை எடுத்துப் படித்தேன், அதற்கும் அப்படித்தான். ஆனால் நான் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாலோ திட்டினாலோ காதைப் பொத்த மாட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிள்ளைக்குப் புத்தகமே வெறுத்துவிட்டது, அந்த நட்சத்திரம் செய்த வேலைதான் என்று முடிவு கட்டி அவள் அப்பாவிடமும் அப்படியே சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. பரீட்சை லீவு விட்டதும் பாப்பாவைக் கோயம்புத்தூரில் அவர் அண்ணன் வீட்டில் விடப்போகிறாராம். அங்கே அவள் வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர்ந்து விளையாடினால் பேச்சு வரும் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அதை இரண்டு தடவை படித்தேன். தங்கை போய்விட்டாள், இருக்கிற ஒன்றும் இப்போது போகப்போகிறது. கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளையைப் பேசவைக்க என்னால் முடியவில்லையே.

ஆனால் கோபத்துக்கு உரிமை தேவையில்லை. அன்று அவர் வந்தபோது, குழந்தை உள்ளே பையை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மெசேஜில்தான் சொல்வீர்களா, நான் போன் செய்தால் எடுப்பதே இல்லை, மாதக்கணக்காக எல்லாமே மெசேஜ்தான், நான் என்ன கூரியர் ஆபீஸா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நேர்ல பாத்தா நீங்க, அக்கா" என்றார். "போன்ல பேசினா அவ. என்னால முடியல. அதான் மெசேஜ் போடறேன்."

பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போனில் கேட்பது என் குரல்தானே என்று யோசித்தேன்.

எங்கள் அப்பா இருந்தவரை தினமும் குடும்ப ஜெபம் உண்டு. பைபிளில் அன்றைய அதிகாரத்தை நானும் தங்கையும்தான் வாசிக்க வேண்டும், வசனத்துக்கு வசனம் மாறி மாறி. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. தப்பினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவைப்பார். கண்ணை மூடிக் கேட்டால் எது பெரியவள், எது சின்னவள் என்று தெரியவில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். வளர்ந்த பிறகு பேச்சில் நாங்கள் வேறு வேறு ஆகிவிட்டோம். நான் வகுப்பில் கத்திக் கத்திக் கரகரத்துப் போனேன், அவள் சின்னப் பிள்ளைகளோடு இருந்து கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். ஆனால் போனில் குரலைத் தாழ்த்தினாலோ புத்தகத்தைக் கையில் எடுத்தாலோ இரண்டு பேரும் அப்பாவின் பிள்ளைகள்தான். பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என் முகம் தெரியாது. காதுக்குப் பக்கத்தில் அவள் அம்மா படிப்பதுதான் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்க மாட்டாள்.

அன்று நான் அழுதேன். தங்கையை அடக்கம் செய்த நாளில்கூட வந்தவர்களைக் கவனிப்பதில் அழ நேரமில்லாமல் போயிருந்தது.

மறுநாளிலிருந்து நான் படிப்பதை நிறுத்தினேன். ஆனால் புத்தகத்தை விரிப்பதை நிறுத்தவில்லை. வேன் வந்து, பால் குடித்து முடித்ததும், வெள்ளக் கதையை எடுத்து டீப்பாயில் விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். கணக்கு டீச்சருக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்பது என் சக டீச்சர்களுக்குத் தெரியும். முதல் நாள் அவள் சோபா ஓரத்திலேயே இருந்தாள். அப்புறம் நகர்ந்து வந்தாள். காதைப் பொத்தவில்லை. பிறகு பக்கத்தை அவளே புரட்ட ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாமலும் படிக்கலாம் என்பது படப்புத்தகத்தில்தான் நடக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றைத் தள்ளுவாள். குழந்தையின் விரல் தினமும் அங்கே வந்து நிற்கும். அதற்கு முந்தின வருஷ மழையில் மாடம்பாக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்து வடிந்தபோது என் தங்கை அப்படித்தான் நின்றாள்.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மெல்ல ஒரு மரியாதை வந்தது. அது யாரையும் திரும்பிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் வடியும், சேறு இருக்கும், கூட்டித் தள்ள ஆட்கள் இருப்பார்கள். அவ்வளவு நம்பிக்கைதான் அதில் இருந்தது, அவ்வளவும் உண்மை. பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படியே ஏப்ரல் வந்துவிட்டது. கோயம்புத்தூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து அழைத்துப் போவதாக முடிவாகிவிட்டது. அவளுடைய கவுன்களை எல்லாம் துவைத்து மடித்து வைத்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் புத்தகத்தை விரித்தேன். அவள் பக்கத்தில் உட்காரவில்லை. டீப்பாயைச் சுற்றிப் போய், எனக்கு எதிரே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புத்தகம் அவளுக்குத் தலைகீழ். திருப்பி வைக்கப் போனேன், கையால் தடுத்தாள்.

"படிங்க."

வேண்டாம், படம் மட்டும் பார்க்கலாம் என்றேன்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் உங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன். படிங்க."

படித்தேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன், எதை இழுக்க வேண்டுமோ அதை இழுத்தேன், வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது. அவள் ஒரு தடவைகூடப் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை என் வாயிலிருந்து எடுக்காமல், வரி முடிகிற இடத்திலெல்லாம் 'உம்' கொட்டினாள். என் குரல் நடுங்கியது. நடுங்கினால் அவள் அம்மாவின் குரல் மாதிரி இருக்காதோ, அதுவும் நல்லதுதானோ என்று என்னென்னவோ ஓடியது.

தண்ணீர் இறங்க ஆரம்பித்த பக்கத்தில் வாசலில் நிழல் தட்டியது. கொசுவலைக் கதவுக்கு வெளியே அவள் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார், படியேறும்போதே கேட்டாரா, தெரியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கை கதவின் கைப்பிடியில் இருந்தது, திறக்கவில்லை. நான் படிப்பதை நிறுத்தினேன்.

குழந்தை திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அண்ணனுக்கு அவர் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னதெல்லாம் அப்புறம். அப்போது அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா. பெரியம்மாதான் படிக்கிறாங்க. இங்க வந்து உக்காந்து, மூஞ்சப் பாத்துக்கிட்டே கேளுங்க."