பன்னிரண்டாவது புளியமரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களை வணங்கியே எழுதுகிறேன். ஆயினும் எனக்கொரு முறையீடு உண்டு. தாசில் கச்சேரியில் முப்பது ஆண்டுகள் பிறர் முறையீடுகளைக் கட்டிவைத்தவன், என்னுடையதை இந்த நினைவு மலரில் பதிய வேண்டியிருக்கிறது.

அக்கா காங்கேயத்துப் பக்கம் பிறந்தவர்கள். தாயில்லாத என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள். காரமடைக்கு வாழ்க்கைப்பட்ட மூன்றாம் ஆண்டே கணவரை இழந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நாங்கள் இருவரும் அவ்வூரிலேயே குடியேறினோம். பிறகு தம்பி வேறு சாதியில் மணம் செய்துகொண்டான். அவன் வாசலை மிதிப்பவர் என் வாசலை மிதிக்கலாகாது என்று உத்தரவிட்டேன். என்னோடு இருந்த அக்கா பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

அறுபது வயதில் அக்காவுக்கு இருதயம் தளர்ந்தது. உள்ள பலத்தைச் சிறுகச் சிறுகச் செலவிடும்படி கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். நான் அதை நடைமுறையாக வகுத்தேன். விழித்ததும் மூச்சு நிதானப்படும்வரை கட்டிலில் உட்கார வேண்டும். குடத்தில் பாதித் தண்ணீர்தான். ஒரு வேலைக்குப் பின் ஒரு படுக்கை. மாலையில் சாலையோரப் புளியமரங்களில் முதல் மரம்வரை நடை. அக்கா ஒன்றையும் மீறவில்லை. கை நடுங்கும் நாளில் குடத்தைத் தொடவே மாட்டார்கள்.

சில வாரங்களுக்கு ஒருமுறை, "கண்ணு, இன்னொரு மரம் போயிட்டு வரட்டுமா?" என்பார்கள். நாடி பார்த்து அனுமதிப்பேன். பதினொன்று வரை வந்துவிட்டார்கள். டாக்டரிடம் பெருமையடித்தேன். பன்னிரண்டாவது மரத்தடியில் தம்பியின் வீடு. "பதினொண்ணோட திரும்பிருங்க அக்கா" என்றேன். "ஆகட்டும் கண்ணு" என்றார்கள்.

ஒரு மாலை அக்கா திரும்பவில்லை. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. தம்பியின் வீட்டுக் கட்டிலில், உறங்குபவர் போல, உயிர் பிரிந்து கிடந்தார்கள்.

தம்பியின் மனைவிதான் சொன்னார்: "நாலு மாசமா இங்கதானுங்க, மாமா, படுத்து எந்திரிச்சு, வாய்க்கு ஏதாச்சும் சாப்பிட்டுப்போட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நடை நின்னுபோயிருமுன்னாங்க."

ஊருக்கே தெரிந்திருந்தது. பால்காரர், பக்கத்து வீட்டார், எதிரில் வந்த வண்டிக்காரர்கள் அனைவரும், "அக்கா நல்லா நடக்கிறாங்க" என்று என்னிடம் சொன்னவர்களே. மரம் மரமாக அனுமதி கொடுத்த நான், எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. வளர்த்த கையே ஏமாற்றியதை மன்னித்தேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் நன்றி முறைப்படி சொல்லப்பட வேண்டும். மருந்து தந்த டாக்டருக்கு நன்றி. வாய் திறக்காத ஊராருக்கும் நன்றி. கடைசித் தண்ணீர் கொடுத்த தம்பியின் மனைவிக்கு, மற்றெல்லாருக்கும் மேலாக.

இம்மலரை நீங்கள் தம்பியின் வீட்டில்தான் பெறுகிறீர்கள். அந்த ஏற்பாட்டைப் பேச இங்கே வந்த நாளில் நான் வண்டி கட்டவில்லை. ஐந்தாவது மரத்தடியில் ஒருமுறை, ஒன்பதாவதில் ஒருமுறை உட்கார்ந்து, மூச்சு நிதானப்பட்ட பிறகே எழுந்து வந்தேன்.