தொங்கட்டான் கொடுக்கப் போனோம்

எனக்கு விடுப்பு, அதுதான் அடுத்தவர் கதை அறிவது, என்றால் சோறு தண்ணி வேண்டாம். பக்கத்து வீட்டுப் படலையில் ஒரு வான் வந்து நின்றால், அதிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்க்காமல் அடுப்பை மூட்டமாட்டேன். உரும்பிராயில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள். அதை நடத்த ஆள் தேடியபோது நான் கையை உயர்த்தினேன். சேவை மனப்பான்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். ரியூசன் விட்ட கையோடு இந்தப் பிள்ளைகள் கூடிக்கூடி அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று அறியவேண்டும், அவ்வளவுதான்.

கதைத்தது பெரும்பாலும் நகையைப் பற்றி. கைபேசியில் பார்த்துப் பார்த்து, பழைய நாட்காட்டித் தாளைக் கீலம் கீலமாக வெட்டி, ஈர்க்கில் இறுக்கிச் சுற்றி, பசை வைத்து, வார்னிஷ் பூசிக் காதுக்குத் தொங்கட்டான் செய்தார்கள். பட்டுநூல் சுற்றிய காப்பும் பாசிமணி மாலையும் அடுத்தடுத்து வந்தன. முதலில் செய்தவற்றைக் கோழியின் கழுத்தில் கட்டியிருந்தால் கோழியே கோபித்திருக்கும். போகப்போகக் கை படிந்தது. ஒருநாள் ஒரு சோடியை நான் வேலை செய்கிற கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போனேன். கொழும்பில் வாங்கினது என்று சும்மா ஒரு புளுகு விட்டுப் பார்த்தேன். நம்பினார்கள்!

குழுவில் ஒரு வாயாடி இருந்தாள். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பதினாறு வயதுக்காரி. நினைப்பது முதலில் வாயில் வரும், மூளைக்குப் பிறகுதான் போய்ச் சேரும். அவள்தான் ஒரு சனிக்கிழமை கம்பி வளைக்கிற குறட்டைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, செய்து செய்து நாங்களே போட்டுக்கொண்டு திரியிறதோ? ஆருக்கும் குடுப்பமே.”

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அக்காதான். அன்ரி என்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பருத்தித்துறைப் பக்கம் சிறுமியருக்கான ஓர் இல்லம் இருந்தது. நவராத்திரிக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று முடிவானது. என்ன கொடுப்பது என்றுதான் பெரிய வாக்குவாதம். காப்பு என்றால் மணிக்கட்டு அளவு வேண்டும். மாலை என்றால் சின்னப் பிள்ளைக்கு நீளம், பெரிய பிள்ளைக்குக் கட்டை. “தொங்கட்டான் எண்டால் அளவே தேவையில்லை, எல்லாருக்கும் சரிவரும்” என்றேன் நான். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நடை பழகுமுன்பே தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்திவிடுவார்கள். அந்த அறையில் இருந்த ஒருத்திக்குமே துளை இல்லாத காது எப்படி இருக்கும் என்ற ஞாபகம் கிடையாது. கொளுக்கி வைத்த தொங்கட்டான்களாகச் செய்து தள்ளினோம்.

இல்லத்துப் பிள்ளைகள் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தொங்கட்டான்களைத் தட்டில் பரப்பி, ஆளாளுக்கு விரும்பியதை எடுக்கவிட்டார்கள். நாலாம் வகுப்புப் படிக்கிற மெல்லிய பிள்ளை ஒன்று மயில்பச்சை நிறத்தில் இருந்த ஆகப் பெரிய சோடியைப் பார்த்ததும் எடுத்துவிட்டது. அதற்குமேல் எதையுமே அது பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே கொழுவிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். இது மட்டும் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தது.

“போடன் பிள்ளை, வடிவாய் இருக்கும்.”

“பிறகு போடுறன்.”

“பிறகு என்ன பிறகு? கொண்டா, நான் போட்டு விடுறன்” என்று வாயாடி குனிந்தாள். அந்தப் பிள்ளைக்கு இரட்டைப் பின்னல், மடித்து றிபன் வைத்துக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வாயாடி பின்னலைத் தூக்கினாள்.

“ஐயோ கடவுளே! உனக்குக் காது குத்தேல்லையோ?”

மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை சிரித்தது, அதைப் பார்த்து இன்னும் சிலதுகள் சிரித்தன. அந்தச் சின்னது தொங்கட்டானை எறியவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே எழும்பி ஓடிவிட்டது. எனக்கு வாயாடியின் வாயில் பெரிய பூட்டாகப் பார்த்துப் போடலாம் போல் வந்தது. அவளோ செத்த முகத்தோடு நின்றாள். அவளைப் பேசி என்ன பயன்? துளை இல்லாத காதும் உலகத்தில் இருக்கும் என்று எங்கள் ஒருவருக்கும்தானே தெரியாமல் போனது.

தேத்தண்ணி குடிக்கும்போது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்கு அன்றிரவு நித்திரை வராது.

“தாய் சவூதியிலை, ஒரு வீட்டிலை வேலை. பிள்ளை தவழுற வயதிலை இஞ்சை வந்தது. தாய்க்கு ஒரேயொரு தமையன், பிரான்சிலை. அவர் வந்துதான் மடியிலை வைச்சுக் காது குத்துவார் எண்டு தாய் சொல்லிப்போட்டுப் போனவ. நானும் இந்த வருசம் அடுத்த வருசம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.”

“வரேல்லையோ?”

“எங்கை! இப்ப தாய்க்கே அவர் போன் எடுக்கிறேல்லையாம். போன வருசம் நானே, வா பிள்ளை, கடையிலை போய் மெசினாலை குத்துவம், நோகாது எண்டன். இவள் மாட்டன் எண்டிட்டாள்.”

ஏன் மாட்டேன் என்றாள்? நோவுக்குப் பயமா? எனக்கு அதை அறியாமல் நாங்கள் வந்த வானில் ஏற மனம் வரவில்லை. கிணற்றடிப் பக்கம் போனேன். சின்னது துவைக்கிற கல்லில் இருந்தபடி, தொங்கட்டானைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, வாளித் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கையை இறக்கியது.

“ஊசிக்குப் பயமோ அம்மாச்சி?”

“இல்லை. தடுப்பூசி போடேக்குள்ளை நான் அழுறேல்லை.”

“அப்ப ஏன் வேண்டாம் எண்டனீர்?”

இவ்வளவு பெரிய ஆளுக்கு இது விளங்கவில்லையே என்பது போல் என்னைப் பார்த்தது.

“காது குத்திப்போட்டால், பிறகு மாமாவுக்கு இஞ்சை வாறதுக்கு ஒரு அலுவலும் இல்லைத்தானே.”

நான் அதன் பின்னலைத் திரும்பவும் காதோடு சேர்த்துக் கட்டிவிட்டு வானுக்கு வந்தேன்.

வானில் வரும்போது பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாயாடி யன்னல் பக்கம் திரும்பி, வழியில் வருகிற வல்லைவெளி முழுக்க அழுதுகொண்டே வந்தாள். அடுத்த சனிக்கிழமை குழு கூடியதும், துளை தேவைப்படாத, காதில் கவ்விப் பிடிக்கிற கிளிப் சோடி ஒன்றை எங்கோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதே மயில்பச்சையில் இன்னொரு சோடி செய்து, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, காதில் மாட்டியும் பார்த்தது. பிறகு மரியாதையாகக் கழற்றித் தந்தது.

“இது பொய்த்தோடு அக்கா. எனக்கு உண்மையாக் குத்தவேணும்.”

“அப்ப நான் மாமாவா இருக்கட்டோ?” என்றாள் வாயாடி, யோசிக்காமல்தான்.

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்கள் பொம்பிளை.”

“அதுக்கென்ன? எனக்கு மடி இல்லையோ?” என்று நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து தொடையைத் தட்டிக் காட்டினாள். விசரி! ஆனால் சின்னது சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்த மடியையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன்.

அதன்பிறகு இருவரும் பொறுப்பாளரின் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். என்னதான் கதைக்கிறீர்கள் என்று எவ்வளவு துருவியும் வாயாடி மூச்சு விடவில்லை. அவள் ஒரு விசயத்தை வாய்க்குள் வைத்திருந்ததை அப்போதுதான் முதன்முதல் கண்டேன். கொஞ்ச நாளில் பொறுப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். “பிள்ளை ஓமெண்டிட்டாள். தாயிட்டையும் கேட்டிட்டன். போனிலை அழுதுபோட்டு, குத்துங்கோ அம்மா எண்டிட்டா.”

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளே ஏதோ இடித்தது. மாமா வருவதற்கு இருந்த ஒரேயொரு அலுவலையும் அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்துவிட்டதா? இனி அவர் வரமாட்டார் என்று விளங்கி, மனதை ஆற்றிக்கொண்டதா? ஒன்பது வயதில் அப்படி ஆற்றிக்கொள்ள முடியுமானால் அது நல்லதுதானா? எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கிழமை முழுக்க உலை கொதிப்பதையும் கவனிக்காமல் இதையே போட்டு உழட்டிக்கொண்டிருந்தேன்.

நல்லநாள் பார்த்துப் போனோம். எனக்குக் குழந்தையில் போட்ட சின்னத் தங்க வளையங்களை எடுத்துக்கொண்டு போனேன். வாயாடி பாவாடைக்கு மேலே தகப்பனின் வேட்டியைக் கட்டி, தோளில் சால்வை போட்டு, மாமன் கொண்டுவருகிற தட்டோடு வந்தாள். தட்டில் வாழைப்பழம், கற்கண்டு, பூ, புதுச்சட்டை எல்லாம் இருந்தன. வான் சாரதி சிரித்ததற்கு, “என்ன சிரிப்பு? மாமனைக் கண்டதில்லையோ?” என்று அதட்டினாள்.

காது குத்த வந்த, நகை செய்கிற பத்தர் வயதானவர். விரித்த பாயையும் வேட்டி கட்டிய பெட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாமன் ஆர்?”

“நான்தான்.”

“பகிடி விடாதை பிள்ளை. நான் இத்தனை காலம் குத்துறன், இப்பிடி ஒரு மாமனைக் காணேல்லை.”

“இண்டைக்குக் கண்டிட்டியள்தானே ஐயா. ஊசியை எடுங்கோ.”

பத்தர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வாயாடி சப்பாணி கட்டினாள். சின்னது புதுச்சட்டையோடு வந்து அந்த மடியில் ஏறியது. மடிக்கு அது கொஞ்சம் பெரிய பிள்ளைதான். கால்கள் பாய்க்கு வெளியே நீண்டு கிடந்தன. வாயாடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“பெண்பிள்ளைக்கு இடக்காதுதான் முதல்” என்றார் பத்தர்.

பிள்ளை கண்ணை இறுக்கி மூடியது. ஊசி போனது. சத்தமே இல்லை, கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. வளையத்தைப் போட்டுப் பூட்டினார். எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினேன்.

பத்தர் மற்றப் பக்கம் திரும்பினார். பிள்ளை வலக்காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டது.

“கையை எடு அம்மா. இன்னும் ஒண்டுதான், டக்கெண்டு முடிஞ்சிடும்.”

“இது இல்லை” என்றது பிள்ளை. “இதை மாமா வந்து குத்தட்டும்.”

பத்தர் என்னைப் பார்த்தார். நான் பொறுப்பாளரைப் பார்த்தேன். வாயாடி ஒருவரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் கைக்கு மேல் தன் கையையும் வைத்து அந்தக் காதைப் பொத்தினாள்.

“ஓம் ஐயா” என்றாள். “நாங்கள் அப்பிடித்தான் கதைச்சு வைச்சனாங்கள்.”

பத்தர் ஊசியைக் கீழே வைத்தார்.